வீட்டுப் பேச்சு

அப்பா இறந்து சில வாரங்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு மலையேறும் கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாலை முழுக்க உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். அவர்களில் ஒருவரைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்துக்குத் தலைவர் கேப்டன். கேப்டன் என்றால் கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலையில் முன்னால் நடப்பவர் என்பதால் அந்தப் பெயராம். அவருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா. வாய்க்குள்ளேயே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, பேசும்போது எதிராளியின் வாயையே பார்த்தார். மற்றவர்களும் இருந்தார்கள். நாற்காலி போதாமல் கடையிலிருந்து ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. என் வீட்டில் நான் உட்கார யார் சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம்.

"அவர் விசிலடிச்சா குருவி பதில் சொல்லும்மா. சத்தியமா," என்றார் கேப்டன்.

"ஒருநாள் மழை பிடிச்சுக்குச்சு. நாங்கெல்லாம் பாறைக்கடியில ஒண்டிக்கிட்டு நிக்கறோம். இவர் சட்டையைக் கழட்டிட்டு நடுவுல போய் நின்னுட்டார். கேட்டா, 'குளிக்கிறேன், கதவைச் சாத்துங்க'ங்கறார்," என்றார் பல் டாக்டரம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். யார் இந்த ஆள்? விசிலடிக்கிறவர், மழையில் குளிக்கிறவர், ஒரு ஆட்டை நிறுத்தி வைத்து அதற்கு அறிவுரை சொன்னவர். எனக்குத் தெரிந்த அப்பா, தூறல் போட்டால் கடை வாசலில் கிடக்கும் கால்மிதியை உள்ளே எடுத்துப் போடச் சொல்வார். அதையும் வாயால் சொல்ல மாட்டார், கண்ணால் காட்டுவார்.

இதில் என் தம்பி வேறு. ஒவ்வொரு கதைக்கும் அவனிடம் ஒரு வால் இருந்தது. "அந்த ஆடு அப்புறம் என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க," என்று எடுத்துக் கொடுப்பான். அவர்கள் சொல்வார்கள். அவன் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். அவன் அங்கே இருந்தான் அல்லவா. சின்ன வயதிலிருந்து வாராவாரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன். எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கிளம்பும்போது பல் டாக்டரம்மா ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். மலை உச்சியில் அப்பா. முதுகில் பட்டை வைத்துக் கட்டிய பெரிய நீலத் தண்ணீர்க் கேன். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். வாயெல்லாம் பல் என்பதும் தப்பு. வலது பக்கம் கடைவாயில் ஒன்று குறைந்தது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"அது நான்தான் பிடுங்கினேன்," என்றார் டாக்டரம்மா, பெருமையாக.

பல்லைக்கூட இவர்களிடம் கொடுத்திருக்கிறார் மனிதர்.

"எப்பவும் கேன் அவர் முதுகுலதான்," என்றார் கேப்டன். அதைக் கேட்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அது தலைவருக்கு அடுத்த பதவி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவின் நினைவாக ஒரு நடை, வீட்டிலிருந்தும் எல்லாரும் வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அம்மா தன் முட்டியைத் தொட்டுக் காட்டி, "இது மாடிக்கே வர மாட்டேங்குது," என்றாள். கடை இருக்கிறது, ஞாயிறு முடியாது என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் தம்பி, "அக்காவுக்குக் கஷ்டம். ஏத்தம் ஜாஸ்தி, பழக்கமில்லாதவங்களுக்கு ஒத்துக்காது," என்றான்.

"நான் வர்றேன்," என்றேன்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரிகள், ஃபிரேம்கள், முகம் பார்க்க ஓவல் கண்ணாடி. பின்னால் ஒரு தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஒரு சின்ன இடத்தில் லென்ஸ் தேய்க்கிற மிஷின். அதுதான் அப்பாவின் இடம். மரம் மட்டையைப் பார்த்தால் குழந்தை போல் நிற்கிற மனிதர் அந்தப் பொந்துக்குள் எப்படி ஆயுசைக் கழித்தார் என்று ஊரே கேட்கும். பின்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாக ஒரு கை அகலத்துக்கு வானம் தெரியும். கதவோரம் ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்திருப்பார், குருவிக்காக. லென்ஸ் தூசி பட்ட தண்ணீரைக் குருவி குடிக்காது என்று நான் சொல்வேன். அவர் தட்டைக் கழுவி மறுபடி ஊற்றி வைப்பார்.

வாரத்தில் ஆறு நாள் நானும் அவரும் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அப்படித்தான். வாடிக்கையாளருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்து, இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, சீட்டில் எழுதித் தடுப்புக்கு மேலே நீட்டுவேன். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். மிஷின் ஓடும். தேய்த்த லென்ஸ் அதே கையில் திரும்பி வரும். "சரியா இருக்காப்பா?" என்றால் "ம்". "சாப்பிடலாமாப்பா?" என்றால் "ம்". அந்த "ம்"மில் ஏழெட்டு வகை உண்டு. எல்லாவற்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். அப்பாவைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளக்கூடிய சொத்து அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு விடுமுறை, அதனால் எங்களுக்குக் கூட்டம். யாராவது கடையில் இருந்தாக வேண்டும். அந்த யாராவது நான்தான் என்று எப்போது முடிவானது, யார் முடிவு செய்தார்கள் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. விடியும்போதே அப்பாவும் தம்பியும் கிளம்பிவிடுவார்கள். இருட்டுகிற நேரத்துக்கு வருவார்கள், வெயிலில் கறுத்து, புல் வாசனையோடு. அப்பா அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவார். அவருடைய காலுறைகளில் புல் விதைகள் முள்ளு முள்ளாக ஒட்டிக்கொண்டிருக்கும். துவைத்தால் போகாது, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அது என் வேலை. தம்பியின் காலுறையை அவனையே பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அப்பாவுடையதை மட்டும் விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிடுங்குவேன். எனக்குக் கிடைத்த மலை அவ்வளவுதான்.

என்னை ஏன் ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை? கேட்டிருக்கலாம். கேட்டால் "ம்" என்றிருப்பார், அது எந்த வகை "ம்" என்று எனக்குத் தெரிந்துபோயிருக்கும். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. ஒருவேளை, ஆறு நாளும் பார்த்த முகத்தை ஏழாம் நாளும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ. அலுத்துவிட்டேனோ. அவர் போன பிறகு இது ஒன்றுதான் என்னை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? அழுகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிறு கடைக் கதவில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டேன். அடுத்த கடை தையல்காரர் வெளியே வந்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலில் இருந்த புது ஷூவைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மலையடிவாரத்தில் பஸ் எங்களை இறக்கிவிட்டது. எல்லாரும் பையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். அந்த நீலக் கேன் ஒரு கல்லின்மேல் இருந்தது, வழிய வழியத் தண்ணீரோடு. எனக்கு ஒரே பயம், தம்பி அதை எடுத்து மாட்டிக்கொள்வான் என்று. மகன், வாரிசு, அப்பாவின் கேன் என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விடுவேனா?

"அப்பாவோட கேனை நான் தூக்கறேன்," என்றேன், சத்தமாக.

கேப்டன் மீசையைத் தடவினார். "அதைக் கேட்டு வாங்க முடியாதும்மா. சம்பாதிக்கணும்," என்றார்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்க இருமினார். எனக்கு முகம் சுட்டது. சரி, புதிதாக வந்தவளுக்குத் தர மாட்டார்கள் போல. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு ஷூக் கயிற்றை இறுக்கினான். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு தடியான ஆள் கேனை எடுத்து மாட்டிக்கொள்ள, நடக்க ஆரம்பித்தோம்.

தம்பி முன்னால் போய்விட்டான். என்னோடு நடப்பான் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள டாக்டரம்மாவை விட்டுவிட்டு, கேப்டனையும் தாண்டி விறுவிறுவென்று ஏறினான்.

அழகான பாதை, சொல்லத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். காற்று வந்தால் மொத்த மலைச்சரிவும் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. அந்த விதைகளை எனக்கு அடையாளம் தெரிந்தது. அப்பாவின் காலுறையில் நான் பிடுங்கிப் போட்டவை இங்கே புல்லின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தன. நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. டாக்டரம்மா விட்டால்தானே.

"இதோ, இந்த மரத்துக்கு உங்க அப்பா கை கொடுப்பார்."

"ஓ."

"இந்த வளைவுல ஒரு பழம் கிடைக்கும், புளிப்பா. முதல்ல எனக்குத்தான் பறிச்சுத் தருவார்."

"ஓ."

"இந்தப் பாறை பாருங்க. இதுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேகத்துக்கெல்லாம் பேர் வைப்பார். ஒரு மேகத்துக்கு என் பேர்கூட வெச்சார்."

மேகம்! எனக்குத் தெரிந்து அப்பா யாருக்கும் எதற்கும் ஒரு பெயர் வைத்ததில்லை. என் பெயரையே அம்மாதான் வைத்தாளாம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு அப்பா நின்றுகொண்டிருந்தார், ஒவ்வொருவர் கையிலும் என்னத்தையோ கொடுத்துக்கொண்டு. மரத்துக்குக் கை கொடுத்திருக்கிறார். ஆட்டிடம் பேசியிருக்கிறார். மூச்சு வாங்கியது, ஏற்றத்தால் மட்டுமில்லை.

"அப்பா எவ்ளோ கலகலப்பான மனுஷர்! ஒரு நிமிஷம் வாய் மூட மாட்டார். எங்களுக்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்கும்," என்றார் டாக்டரம்மா.

அதோடு என் பொறுமை போயிற்று.

"கலகலப்பா? கடையில வந்து பார்த்திருக்கணும் நீங்க! காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். நான் இந்தப் பக்கம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருப்பேன், அந்தப் பக்கம் மிஷின் சத்தம்தான் வரும். வீட்டுக்கு வந்தா சாப்பாடு, தூக்கம். அம்மா கேட்டாலும் 'ம்', நான் கேட்டாலும் 'ம்'. எங்களுக்கு..."

"வீட்டுப் பேச்சு!"

முன்னாலும் பின்னாலும் இருந்து அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தூக்கிவாரிப் போட்டது. யாரையோ பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தடியான ஆள் ஏதோ விடுதலையானவர் மாதிரி கேனைக் கழற்றி, வெகு மரியாதையாக என் முதுகில் மாட்டிவிட்டார். நிஜமான கனம். இரண்டு அடி பின்னால் போய்த்தான் நிமிர்ந்தேன்.

"சம்பாதிச்சுட்டீங்க," என்றார் டாக்டரம்மா.

கேப்டன் இறங்கி வந்தார். "எங்க கூட்டத்துல ஒரே ஒரு சட்டம்தாம்மா. ஏறும்போது வீடு, ஆபீஸ், கடை எதையும் பேசக்கூடாது. அதையெல்லாம் கீழே விட்டுட்டு வரத்தானே இங்க வர்றோம். பேசினவங்க எல்லாருக்கும் சேர்த்துத் தண்ணி தூக்கணும், அடுத்த ஆள் மாட்டற வரைக்கும். உச்சிக்குப் போயிட்டா என்ன வேணாலும் பேசிக்கலாம். ஆனா அதுக்குள்ள யாருக்கும் பேசத் தெம்பு இருக்காது."

நான் நடந்தேன். கேனுக்குள் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நின்றுவிட்டேன்.

"அப்போ அப்பா?"

கேப்டன் அசடு வழிந்தார். "அதான்... துக்க வீட்ல வந்து, எங்க கூட்டத்துலயே அதிகமா சட்டத்தை மீறினது உங்க அப்பாதான்னு எப்படிச் சொல்றது? நல்லா இருக்காதே. வாராவாரம் அவர்தான். முதல் மேட்டுலயே மாட்டிக்குவார். சில நாள் அடிவாரத்துலயே, பஸ் இன்னும் திரும்பியிருக்காது."

"வீட்டைப் பத்திப் பேசுவாரா? எங்க அப்பாவா?"

"ஓயாம."

"என்ன பேசுவார்?"

"அது எங்களுக்குத் தெரியாதேம்மா," என்றார் கேப்டன். "எங்ககூட நடக்கும்போது பூச்சி, குருவி, மேகம்தான். வீட்டுப் பேச்செல்லாம் உங்க தம்பிகிட்டதான். ரெண்டு பேரும் கடைசியா வருவாங்க. பின்னாலேர்ந்து தம்பி கத்துவான், 'அப்பா மறுபடியும் வீட்டுப் பேச்சு!'ன்னு. பொடியனா இருக்கும்போதிலிருந்து அவன்தான் போட்டுக் கொடுக்கறது. நாங்க கேனை அனுப்பிடுவோம். என்ன பேசினார்னு நாங்க கேட்டா, அதுவும் வீட்டுப் பேச்சாயிடுமே."

நான் மேலே பார்த்தேன். தம்பியின் சிவப்புச் சட்டை உச்சிக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் ஏன் ஓடினான் என்று இப்போது புரிந்தது. நான் வாயைத் திறப்பேன், மாட்டிக்கொள்வேன், சட்டம் என்ன என்று கேட்பேன், எல்லாம் வெளியே வரும். அவனுக்கு என்னைத் தெரியாதா?

அதற்குப் பிறகு ஏறியது கால் இல்லை, ஆத்திரம். டாக்டரம்மா பின்னால் எங்கேயோ "மெதுவா, மெதுவா" என்றார். தோள்பட்டையில் பட்டை அறுத்தது. அப்பா வாராவாரம் இதைத் தூக்கியிருக்கிறார். விருப்பப்பட்டுத் தூக்கியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் கையை வீசிக்கொண்டு நடந்திருக்கலாம். வாயை மூடத்தான் அவருக்கு நன்றாகத் தெரியுமே! என்னிடம் ஆறு நாளும் மூடியே வைத்திருந்தாரே!

உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. தம்பி அந்தப் பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கேனைக் கழற்றி வைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன பேசினார்?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. "மாட்டிக்கிட்டியா? நினைச்சேன்."

"அப்பா என்னடா பேசினார்?"

"என்ன பேசுவார். கரண்ட் பில்லு. அம்மா முட்டி. வாசல்ல போர்டு பெயிண்ட் போகுது, அது இதுன்னு..."

"பொய் சொல்லாதே. போர்டுக்காக எவனாவது இந்தக் கேனைத் தூக்குவானா? முதுகு ஒடியுது."

கீழே பாதையில் கூட்டம் மெல்ல வந்துகொண்டிருந்தது, குரல்கள் மட்டும் கேட்டன.

"உன்னைப் பத்திதான்," என்றான்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வாராவாரம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஆரம்பிச்சுடுவார். அக்கா இதைச் சொன்னா, அக்கா அந்த ஆளை எப்படி மடக்கினா, அக்கா எப்படிச் சிரிச்சா. ஆறு நாளும் அந்தத் தடுப்புக்குப் பின்னால உட்கார்ந்து நீ பேசறதையெல்லாம் கேட்டுச் சேர்த்து வெச்சுக்குவார் போல. இங்க வந்து என்கிட்ட கொட்டுவார். உன்னை மாதிரியே பேசிக் காட்டுவார் தெரியுமா? உன் குரல்ல."

"என் குரல்லயா?"

"அச்சு அசல்." அவன் ஒரு கல்லை எடுத்துக் கீழே எறிந்தான். "நான் பக்கத்துல நடந்துக்கிட்டிருப்பேன். சின்னப் பையன். நான் மரம் ஏறினேன், ஓணான் பிடிச்சேன், அப்பா பாருங்கன்னு கூப்பிடுவேன். 'ம்'பார். திரும்ப அக்கா கதை. தாங்க முடியாமதான் ஒருநாள் கத்தினேன், வீட்டுப் பேச்சு வீட்டுப் பேச்சுன்னு. கேனைக் கொடுத்தா நிறுத்திடுவார்னு நினைச்சேன். மனுஷன் சந்தோஷமா வாங்கி முதுகுல மாட்டிக்கிட்டு, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சார்."

"பொய்," என்றேன். ஆனால் அது பொய்யில்லை என்று தெரிந்தது. அவன் காது சிவந்திருந்தது. பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்காது, பொறாமையில்தான் சிவக்கும். ஒரே ஒரு மிட்டாய் இருந்த காலத்திலிருந்து நான் பார்த்து வருகிறேன்.

"உன்னைத்தானேடா கூட்டிட்டுப் போனார்," என்றேன். "என்னைக் கூப்பிடவே இல்லையே."

"உன்னை நம்பிக் கடையை விட்டுட்டு வந்தார். என்னை எங்க விடறதுன்னு தெரியாம கூட்டிட்டு வந்தார்." சிரிக்கப் பார்த்தான். "ஒரு தடவை கேட்டேன், அக்காவையும் கூட்டிட்டு வரலாமேன்னு. வந்தா நேரா அவகிட்டயே பேசித் தொலைங்க, என் காதை விடுங்கன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லல."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

அவன் இன்னொரு கல்லைப் பொறுக்கி எறிந்தான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் பெரிய மனுஷி இல்லை. குதிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷமாக வயிறெரிந்து செத்தவள் நான் ஒருத்திதான் என்றிருந்தேன். எனக்குப் பக்கத்து அறையில் இவன் என்னை நினைத்து எரிந்துகொண்டிருந்திருக்கிறான். அப்பாவுக்கு நான் அலுக்கவில்லை. என் குரலைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கிறார். அடுத்த நொடியே பழைய ஆத்திரம் புது வடிவத்தில் வந்து நின்றது. அத்தனையும் என்னைப் பற்றியது, என்னைத் தவிர வேறு யாருக்கும் தேவைப்படாதது. அத்தனையும் இவன் காதில் போய்க் கிடக்கிறது.

"சொல்லு," என்றேன். "ஒண்ணு விடாம சொல்லு. மேல வந்தாச்சே, இப்போ பேசலாமில்ல."

"மாட்டேன்."

"என்னடா மாட்டேன்?"

"சொல்ல மாட்டேன்கா."

"அது எனக்குச் சேர வேண்டியதுடா!"

"தெரியும்." இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "ஆறு நாளும் அவர் உன்கூட இருந்தார். கடை உன்கிட்ட இருக்கு. கடைசி ராத்திரி அவருக்கு முடியாம போனப்பக்கூட நீதான் பக்கத்துல இருந்தே, நான் வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. எனக்குன்னு அவர் கொடுத்துட்டுப் போனது அந்தப் பேச்சு மட்டும்தான். அதுலயும் நான் இல்ல, முழுக்க நீதான். அதையும் தூக்கி உன்கிட்டயே கொடுத்துட்டா, எனக்கு என்ன இருக்கு, சொல்லு?"

அறைந்திருப்பேன். கை வந்தது. கெஞ்சவும் செய்தேன், வெட்கத்தை விட்டு. "ஒண்ணே ஒண்ணு. எதுவா இருந்தாலும் சரி. திட்டினதா இருந்தாலும் பரவாயில்ல."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், முகத்தில் தெரிந்தது. எதையோ தேடி எடுத்து, பார்த்து, அவனையும் மீறிச் சிரித்தான். அப்பா எதையோ என் குரலில் சொல்லிக் காட்டியிருக்க வேண்டும், அதை அவன் அந்த நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"இல்லக்கா."

கூட்டம் மேலே வந்துவிட்டது. கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டே, அப்பாவைப் பற்றி முதலில் யார் பேசுவது, மகளா மகனா என்று கேட்டார். தம்பி என்னைக் கை காட்டினான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை வருமா என்று. அவனை வையவும் முடியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், ஒரு வார்த்தைகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.